அந்த மதிப்பெண் தாளில் இருப்பது யாருடைய பிழை?

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில், நான்கு ஆண்டு மூன்று மாதமாகத் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க இணைய நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு ரவுட்டர், வைஃபை கோளாறுகளைத் தொலைபேசி வழியாகச் சரிசெய்து தருவது எங்கள் பணி. மூன்று ஆண்டுகளுக்கு மேல் நல்ல பெயர் வாங்கினேன். ஏழு மாதங்களுக்கு முன் புதிய மேலாளர் வந்ததும் ஓர் அழைப்புக்கான சராசரி நேரத்தை 14 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகக் குறைத்தார்கள். சிக்கலான கோளாறுகளில் எங்களுக்குக் கைகொடுக்கும் எல்-2 மேசையை எடுத்துவிட்டு, அங்கிருந்த சீனியர்களையும் ஃபோன் எடுக்க உட்கார வைத்தார்கள். விலகிப்போன மூன்று பேருக்குப் பதிலாக ஆள் எடுக்கவில்லை. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அடுத்த வார ரோஸ்டர் ஞாயிறு இரவுதான் கைக்கு வருகிறது. மதிப்பெண் குறைந்துவிட்டது என்று இப்போது எனக்கு 30 நாள் பி.ஐ.பி. (செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்) கடிதம் கொடுத்து, ‘என் செயல்திறன் குறைவை ஒப்புக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். இல்லையென்றால் நானாகவே ராஜினாமா செய்துவிட்டால் ரெக்கார்ட் கெடாது என்கிறார் எச்.ஆர். ஆபீஸ் வண்டி வரும் நேரமானால் வயிற்றைப் பிசைகிறது. தம்பியின் படிப்பு என் சம்பளத்தில்தான் நடக்கிறது. உண்மையிலேயே எனக்குத் திறமை போய்விட்டதா? விலகிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் அவசரம் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். ‘செயல்திறன் குறைவை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே, வேறு எதுவும் எழுதாமல் வெறும் கையெழுத்தையும் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். அதற்குமுன், திறமை போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், நான்கு ஆண்டுகள் உழைத்த ஒருவர் தன்னைப் பற்றி இப்படிக் கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறார் என்றால், அங்கே யாரோ எடுத்த முடிவின் சுமை அவர் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். இதே துறையில் ஃபோன் எடுப்பவனாகச் சேர்ந்து, ஆபரேஷன்ஸ் மேலாளராகி, பதினேழு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பத்து நிமிட இலக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு மையத்தில் பதிவான அழைப்புகளைக் கேட்டுத் தரம் பார்க்கும் பணி எனக்கு இருந்தபோது கேட்ட ஓர் அழைப்பு இன்னும் காதில் இருக்கிறது. நம் நேரப்படி அதிகாலை இரண்டு மணி. அழைத்தவர் வயதான பெண்மணி. ரவுட்டரில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது என்கிறார். பின்புறத்தில் இருக்கும் குண்டூசி அளவுத் துளையைக் கண்டுபிடிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி அடுத்த அறையில் இருக்கிறது. அவர் எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம் பதிவில் கேட்கிறது. நம் பையன் அதுவரை, “அவசரமே இல்லை, மெதுவாகப் போய்விட்டு வாருங்கள்” என்று அருமையாகப் பேசிக்கொண்டிருந்தான். ஒன்பதாவது நிமிடத்தில் திரையிலுள்ள கடிகாரம் நிறம் மாறும். அந்த நொடியிலேயே அவன் குரலும் மாறிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி இருபது நிமிடம் கழித்துச் செருகுங்கள், சரியாகவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். புகார்ப் பதிவில் ‘தீர்ந்தது’ என்று எழுதினான். நாற்பது நிமிடம் கழித்து அதே பெண்மணி, அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், முழுக் கதையையும் முதலிலிருந்து, இந்த முறை கோபத்தோடு சொன்னார். அன்றைய கணக்கில் பையனின் ஏ.எச்.டி., அதாவது ஓர் அழைப்புக்கான சராசரி நேரம், பச்சை நிறத்தில் இருந்தது. பெண்ணுக்கு வாடிக்கையாளர் போட்ட மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று.

அந்தப் பையன் ஏமாற்றுக்காரன் அல்ல. அவனுக்கு என்ன சொல்லப்பட்டதோ அதைச் செய்தான். இதைக் கணக்காகவே பார்க்கலாம். 14 நிமிடம் தரப்பட்டிருந்தபோது, நூறு அழைப்பில் 75 அந்த அழைப்பிலேயே தீர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். தீராதவர்கள் மறுபடி அழைப்பதையும் சேர்த்தால், ஒரு கோளாறு முழுமையாகத் தீர ஆகும் நேரம் 14-ஐ 0.75-ஆல் வகுத்தால் வருவது. அதாவது 18 நிமிடம் 40 விநாடி. இப்போது இலக்கு 10 நிமிடமாகி, முதல் அழைப்பிலேயே தீர்வது நூறில் 50 ஆகிறது என்றால், ஒரு கோளாறுக்குச் சராசரியாக இரண்டு அழைப்பு, மொத்தம் 20 நிமிடம். ஒவ்வொரு அழைப்பிலும் நான்கு நிமிடத்தை மிச்சம் பிடித்த மேலாளர், ஒவ்வொரு கோளாறிலும் ஒரு நிமிடம் இருபது விநாடியை இழந்திருக்கிறார். அதோடு, கோபத்தோடு வரும் இரண்டாவது அழைப்பை எடுப்பவர் யாரோ அவருடைய மதிப்பெண்ணும் விழுகிறது. கடந்த ஏழு மாதங்களில் நீங்கள் எடுத்த அழைப்புகளில் எத்தனை ‘மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறேன்’ என்று தொடங்கின என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, போனவர்களுக்குப் பதில் ஆள் எடுக்காதது. 25 பேரில் மூவர் குறைந்தால் ஆளுக்கு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வேலைதானே கூடும் என்று மேசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தோன்றும். வரிசையில் நிற்கும் அழைப்புகள் இந்த வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் என்ற கணித அறிஞர் 1917-இலேயே இதற்கான சூத்திரத்தை வெளியிட்டார். ஆள் கணக்குப் போடும் மென்பொருள்களின் அடித்தளம் இன்றும் அதுதான். அரை மணி நேரத்தில் 50 அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் என்று கொள்வோம். மொத்தம் 600 நிமிட வேலை, அதாவது 20 பேருக்கு இடைவிடாத வேலை. 25 பேர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் சராசரியாக அரை நிமிடம் காத்திருப்பார். 22 பேர் ஆனால் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். 21 பேர் ஆனால் ஒன்பது நிமிடம். யாரும் பாதியில் வைத்துவிட்டுப் போகவில்லை என்றால், 20 பேரோடு அந்த வரிசை கரையவே கரையாது.

இதை உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். 25 பேர் இருந்தபோது ஒரு மணி நேரத்தில் அழைப்புகளுக்கு நடுவே 12 நிமிடம் மூச்சு விட முடிந்தது. தண்ணீர் குடிக்கவும், முந்தைய அழைப்பின் குறிப்பை ஒழுங்காக எழுதவும், பக்கத்திலிருப்பவரிடம் ஒரு சந்தேகம் கேட்கவும் அந்த நேரம்தான் இருந்தது. 22 ஆனால் அது ஐந்தரை நிமிடம். 21 ஆனால் மூன்று நிமிடம்கூட இல்லை. ஒன்பது நிமிடம் இசையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வருபவர் முதல் ஒரு நிமிடத்தை உங்களைத் திட்டுவதற்குச் செலவிடுவார். அந்த ஒரு நிமிடமும் உங்கள் பத்து நிமிடக் கணக்கில்தான் ஏறும்.

எல்-2 மேசையைப் பற்றி எழுதும்போது நான் ஒதுங்கி நின்று பேச முடியாது, ஏனென்றால் அதே தவறை நானும் செய்திருக்கிறேன். நான் மேலாளராக இருந்த இடத்தில் தூண் ஓரமாக நான்கு நாற்காலிகள் இருந்தன. யாராவது கையை உயர்த்தினால் அங்கிருந்து ஒருவர் எழுந்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்து, “அந்தப் பதிவுக் கோப்பைத் திற, கீழே இறக்கு, அங்கே பார்” என்பார். அரை நிமிடத்தில் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஓர் ஆண்டு முடிவில் செலவைக் குறைக்கச் சொன்னபோது, நேரடியாக அழைப்பு எடுக்காமல் நான்கு சம்பளம் போகிறதே என்று அந்த நால்வரையும் ஃபோன் எடுக்க உட்கார வைத்தேன். காகிதத்தில் அழகாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் ஃப்ளோரில் உயர்த்திய கைகள் உயர்த்தியபடியே நின்றன. பிறகு யாரும் கையை உயர்த்துவதையே விட்டுவிட்டார்கள். நால்வரில் இருவர் அந்தக் காலாண்டிலேயே விலகினார்கள். மேசையைத் திரும்பப் போட்டபோது, அதில் உட்காரத் தகுதியானவர்கள் எங்களிடம் மிச்சமில்லை. அந்த மாதங்களில் மதிப்பெண் குறைந்த ஆறு பேருக்கு நான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தேன். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மேலாளரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளின் வேர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். ஏலத்தில் வேலையைப் பிடிப்பதற்காக விலையைக் கீழே இறக்கிக் கையெழுத்திடுபவர்கள் ஒரு பிரிவு. அந்த விலைக்குள் வேலையை முடித்துக்காட்ட வேண்டியவர்கள் வேறொரு பிரிவு. ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று பணம் பேசியிருந்தால், அழைப்பைச் சுருக்கவே நிறுவனத்துக்குத் தூண்டுதல் இருக்கும். அதே வாடிக்கையாளர் இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு முறை பணம் வரும். தீர்ந்த கோளாறு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் இதே மேலாளர் உங்களை நிதானமாகப் பேசச் சொல்லியிருப்பார். காரணம் புரிகிறது என்பதால் அவர் செய்தது சரியாகிவிடாது. தன் கையில் இல்லாத விலையைத் தட்டிக்கேட்க முடியாதவர், தன் கையில் இருக்கும் ஊழியரின் மதிப்பெண்ணைத் தட்டுகிறார். தரக் கட்டுப்பாட்டுத் துறையின் முன்னோடியான டெமிங், வெள்ளையும் சிவப்புமாக மணிகள் கலந்த பெட்டியிலிருந்து, ஐம்பது குழி கொண்ட மட்டையால் வெள்ளை மணிகளை மட்டும் அள்ளித் தரும்படி ஆட்களிடம் சொல்லி, சிவப்பு அதிகமாக வந்தவரைக் கண்டித்து, குறைவாக வந்தவரைப் பாராட்டி நடித்துக் காட்டுவார். சிவப்பு மணிகளைப் பெட்டியில் போட்டது நிர்வாகம்; திட்டு வாங்கியது மட்டை பிடித்தவர்.

இருந்தாலும், எல்லாமே நிர்வாகத்தின் தவறு என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி முடித்துவிட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். உங்கள் ஏ.எச்.டி.யை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: வாடிக்கையாளரோடு பேசிய நேரம், ஹோல்டில் வைத்த நேரம், வைத்த பிறகு குறிப்பு எழுதிய நேரம். ஏழு மாதங்களுக்கு முந்தைய மாதம் ஒன்றின் எண்ணையும் இந்த மாத எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஹோல்ட் நேரம் மட்டும் ஏறியிருந்தால், அது எல்-2 மேசை போனதால் சாட் குரூப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்த நேரம். அது உங்கள் கணக்கு அல்ல. பேச்சு நேரம் ஏறியிருந்தால், திரும்ப அழைப்பவர்களின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். குறிப்பு எழுதும் நேரம் ஏறியிருந்தால், அதில் நீங்களே குறைக்கக்கூடியது ஏதேனும் இருக்கும்; களைப்பினாலும் அது ஏறும், பழக்கத்தினாலும் ஏறும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ‘எனக்குத் திறமை போய்விட்டது’ என்று நீங்கள் சொல்வதும், ‘உனக்குத் திறமை இல்லை’ என்று மேலாளர் சொல்வதும் ஒரே மாதிரியான தவறுதான்.

இந்த எண்களைச் சேகரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் திரையைப் படம் எடுக்காதீர்கள். வாடிக்கையாளர் விவரம் உள்ள எதையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். பி.ஐ.பி.யைவிட எளிதாக உங்களை வெளியே அனுப்ப அது ஒன்றே அவர்களுக்குப் போதும். உங்கள் மாதாந்திர மதிப்பெண் தாள்களைத் தரும்படி டீம் லீடரிடம் அலுவலக மின்னஞ்சலிலேயே எழுதிக் கேளுங்கள். ரோஸ்டர் கைக்கு வந்த தேதியையும் நேரத்தையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பி.ஐ.பி. கடிதத்துக்கு வருவோம். வாங்க மறுக்க வேண்டாம். மறுத்தால் அதுவே ஒழுங்கீனம் என்று எழுதப்படும். ‘இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன், இதன் உள்ளடக்கத்தை நான் ஏற்கவில்லை, என் விளக்கத்தை மின்னஞ்சலில் அளிக்கிறேன்’ என்று உங்கள் கையால் எழுதி, தேதியிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். அன்றே விளக்கத்தை அனுப்புங்கள். அதில் மேலாளரைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் வேண்டாம். இன்ன தேதி வரை என் மதிப்பெண் இது, இன்ன தேதியில் எல்-2 மேசை நீக்கப்பட்டது, அதன்பின் என் ஹோல்ட் நேரம் இவ்வளவு ஏறியது என்று எண்கள் மட்டும் இருக்கட்டும். 30 நாளும் ஒரே ஷிஃப்ட், சந்தேகம் கேட்க ஒரு சீனியர், மறு அழைப்பு விகிதத்தையும் சேர்த்து மதிப்பிடுதல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். மேலாளரோடு தனியே பேச வாய்ப்புக் கிடைத்தால், முன்னே சொன்ன வகுத்தல் கணக்கை உங்கள் குழுவின் எண்களோடு போட்டுக் காட்டுங்கள். ‘நாங்கள் கஷ்டப்படுகிறோம்’ என்பதைவிட, ‘மறு அழைப்பால் ஒரு கோளாறுக்கு இத்தனை நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது’ என்பது அவர் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோகக்கூடிய பேச்சு. அவருக்கும் அது தேவைப்படலாம்.

எச்.ஆர். சொல்லும் ராஜினாமா யோசனையில் உங்கள் நலன் கொஞ்சம்தான் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய ஊழியரை, நியாயமான காரணம் இன்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. விசாரணையில் நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டுமே முன்னறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். தகவல் தொழில்நுட்பத் துறையினர் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்றும் தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. நீங்களாகவே எழுதிக்கொடுத்துவிட்டால், 41-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு உங்கள் கையைவிட்டுப் போகிறது. அதே சமயம், அடுத்த வேலையில் பின்புலம் சரிபார்க்கும்போது ‘நீக்கப்பட்டார்’ என்ற சொல் இடைஞ்சல் தரும் என்பதும் பொய்யல்ல. ஆகவே, 30 நாள் முடிந்து நீக்குவது உறுதி என்ற நிலை வந்தால் அப்போது ராஜினாமாவைப் பற்றிப் பேசுங்கள். அனுபவச் சான்றிதழில் என்ன எழுதுவார்கள், முன்னறிவிப்புச் சம்பளம் எவ்வளவு, கடைசித் தேதி எது என்பதெல்லாம் மின்னஞ்சலில் வந்த பிறகே கடிதம் கொடுங்கள். அந்த நிலை வந்தால் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போதே விலகாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி தேவை. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணியாற்றியிருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; ஐந்து ஆண்டும் முடிந்தால் வழக்குக்கே இடமிராது. ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாத அடிப்படைச் சம்பளம் வரும். தம்பியின் படிப்பை நடத்துகிற உங்களுக்கு இது சிறிய தொகை அல்ல. வேறு வேலை தேடுவதை இன்றே தொடங்குங்கள். சேரும் தேதியைப் பேசும்போது இந்தக் கணக்கு மனத்தில் இருக்கட்டும்.

வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரவுப் பணி மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் அதை மறுபடி உறுதிசெய்தது. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஷிஃப்டை மாற்றுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வாராவாரம் மாறும் ஷிஃப்டுக்கு உடம்பு பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய வரிசையில் மாற்றுவது உடம்புக்குச் சற்று எளிது. இரவிலிருந்து மாலை, மாலையிலிருந்து காலை என்று பின்னோக்கிப் போவது கடினம். ஒரே ஷிஃப்ட் கிடைக்காவிட்டால் இந்த வரிசையையாவது கேட்டுப் பாருங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மதிப்பெண் தாள்கள் கைக்கு வந்ததும், நிறுவனத்தின் பெயரையும் வாடிக்கையாளரின் பெயரையும் விட்டுவிட்டு, அந்த மூன்று எண்களை மட்டும் எனக்கு எழுதுங்கள். விளக்கக் கடிதத்தின் வரைவை நாம் சேர்ந்தே சரிபார்ப்போம்.